உறைபனியில் வெடித்த படகு எஞ்சின்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

கனடாவின் ஒன்டாரியோவில் ஏப்ரல் மாதம் பழைய படகுகள் மலிவாக விற்பனைக்கு வரும். "போன வருஷம் நன்றாக ஓடியது" என்பார்கள். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அக்டோபரில் நன்றாக ஓடிய எஞ்சின், தண்ணீரை வடிக்காமல் விட்டதால் ஜனவரியில் உறைந்து வெடிப்பு (விரிசல்) விட்டிருக்கலாம். சிம்கோ ஏரிப் பக்கம் வாங்கினாலும் சரி, உங்கள் சொந்தப் படகையே வடிக்க மறந்திருந்தாலும் சரி, சாவியைத் திருப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை இங்கே. மெர்குரூசர் 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். 4.3, 5.0 லிட்டர் எஞ்சின்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். இந்த எஞ்சின்களில் பல, ஏரித் தண்ணீரையே உறிஞ்சி பிளாக்குக்குள் (எஞ்சினின் முக்கிய வார்ப்பு உடல்) ஓடவிட்டுக் குளிர்விப்பவை. உள்ளே தங்கிய தண்ணீர் விரிந்தால் வார்ப்பிரும்பு வளையாது, பிளந்துவிடும். ஃப்ரீஸ் பிளக் வெளியே தள்ளிக்கொண்டு வந்து பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அவை வார்க்கும்போது உள்மணலை எடுக்க விட்ட துளைகளின் மூடிகள், அவ்வளவுதான். பிளக்கும் வெளியே வந்து, பிளாக்கும் வெடித்த எஞ்சின்கள் உண்டு.

உங்கள் எஞ்சினில் மூடிய குளிர்விப்பு (ஏரித் தண்ணீருக்குப் பதில் எளிதில் உறையாத திரவம் பிளாக்குக்குள் சுற்றும் முறை) இருந்து, பிளாக்கில் அந்தத் திரவமான ஆன்டிஃப்ரீஸ் நிரம்பியிருந்தால் பிளாக் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் (ஆன்டிஃப்ரீஸைக் குளிர்விக்கும் பகுதி) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளையும் (எஞ்சின் புகை வெளியேறும் வார்ப்புக் குழாய்கள்) பாருங்கள். ஏரித் தண்ணீர் அங்கே வந்து போகும்.

1. ஸ்டார்ட் செய்யாதீர்கள்

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். உள்ளே பனிக்கட்டி இருந்தால் அதுவே வெடிப்பை அடைத்துக்கொண்டிருக்கும்; எல்லாம் நல்லபடி இருப்பதுபோலத் தெரியும். அதனால் நன்றாக உருகும் வரை காத்திருங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் எதையும் கழற்றுமுன் படம் எடுத்துவையுங்கள்.

2. எண்ணெயைப் பாருங்கள்

டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால், தண்ணீர் இறங்கிய பிறகு யாரோ ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். விற்பவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. ஓட்டாமல் கிடந்த எஞ்சினில் தண்ணீர் கலக்காது. எண்ணெய்க்கு அடியில் தனியாகத் தேங்கும். அளவு மட்டும் 'ஃபுல்' கோட்டைத் தாண்டியிருக்கும். உறிஞ்சு குழாயை அடிவரை இறக்கி முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தால் தெரிந்துவிடும். தண்ணீர் வந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். மூடி சரியில்லாத படகில் மழைத் தண்ணீரும் இறங்கும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, கிராங்க் போல்ட்டில் (எஞ்சினின் முன்புறம், சுழலும் தண்டின் முனையில் உள்ளது) ரெஞ்ச் போட்டுக் கையால், ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். ஏதாவது ஒரு துளையிலிருந்து தண்ணீர் வந்தால் அந்த சிலிண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கண்ணால் தேடுங்கள்

இந்த எஞ்சின்களில் வெளி வெடிப்பு வழக்கமாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பக்கச் சுவரில், கிடைமட்டக் கோடாக வரும். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வேண்டும். பெயின்ட் உரிந்த மெல்லிய கோடு, துரு வழிந்த தடம், இவைதான் அடையாளம். ஸ்டார்ட்டர் மோட்டார் மறைக்கிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். மேனிஃபோல்டு, அதன் மேல் இருக்கும் புகைக்குழாய் வளைவான ரைசர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஸ்டீயரிங் எண்ணெய்க் கூலர் ஆகியவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

4. காற்றழுத்தச் சோதனை

தீர்ப்பு இங்கேதான். எஞ்சினைக் காப்பாற்றலாமா என்பது வெடிப்பு எவ்வளவு நீளம் என்பதில் இல்லை, எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளி வெடிப்பு நல்ல சேதி. காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில் வெடித்திருந்தால் தண்ணீர் நேராக எண்ணெய்க்குள் போகும். வெளியே ஒன்றுமே தெரியாது.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலிருந்து மேனிஃபோல்டுகளுக்குப் போகும் ஹோஸ்களைக் கழற்றி அந்த வாய்களை அடையுங்கள். தண்ணீர் உள்ளே வரும் ஹோஸில் ரேடியேட்டர் சோதிக்கும் கைப்பம்பை மாட்டி, 10 முதல் 15 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை ஏற்றுங்கள். கேஜ் முள் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் பிளாக் பிழைத்தது. இறங்கினால் காற்று எங்கே போகிறது என்று தேட வேண்டும். வெளியே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு ரப்பர் குழாயை வைத்துக் காதால் கேளுங்கள்; அங்கே 'உஸ்' என்றால் வெடிப்பு உள்ளே. ஸ்பார்க் பிளக் துளையில் கேட்டால் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அல்லது சிலிண்டர் சுவர். நீங்கள் அடைத்த வாய்களிலும் பம்ப் சீலிலும் கசிகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அதை மறந்து நல்ல எஞ்சினைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

மேனிஃபோல்டுகளைத் தனியாகக் கழற்றி, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். எக்ஸாஸ்ட் துளைகளில் ஈரம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மேனிஃபோல்டை ஒட்டிப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஒட்டிய இடம் உள்ளே விட்டுக்கொடுத்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும்.

5. வெளி வெடிப்பை ஒட்டுவது

வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய முழு பிளாக்கையும் சூடேற்ற வேண்டும். படகுக்குள் அது நடக்காது. ஊசி தைத்ததுபோல் வரிசையாகத் திருகாணி இறக்கும் குளிர்முறைத் தையல் உறுதியானது, ஆனால் அதற்கு ஆள் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது ஜே-பி வெல்டு மாதிரியான எபாக்சி. ஏரித் தண்ணீர் ஓடும் எஞ்சினில் சூடும் அழுத்தமும் குறைவு என்பதால் அது பல வருடம் தாங்குவதுண்டு.

எஞ்சின் அறையில் பெட்ரோல் ஆவி இல்லை என்று உறுதி செய்யாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அது மேலும் ஓடாமல் நிற்கும். கோட்டை 'வி' வடிவப் பள்ளமாக்கி, சுற்றி 2 செ.மீ. அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, துணியில் கறுப்பு வராத வரை அசிட்டோனால் துடையுங்கள். எபாக்சி பூசும்போது ஹோஸ் வாயில் வாக்குவம் கிளீனரை வைத்து இழுத்தால் பசை வெடிப்புக்குள் நன்றாக இறங்கும். ஒரு முழு நாள் காயட்டும். குளிரில் சரியாக இறுகாது, அறையைச் சூடாக வைத்திருங்கள். அப்புறம் நான்காம் படி மறுபடியும்.

உள் வெடிப்பு என்றால் லாங் பிளாக் (ஹெட்டுகளோடு சேர்ந்த முழு பிளாக்) மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது படகுக்கென்றே செய்ததைக் கேளுங்கள். ஃப்ரீஸ் பிளக் பித்தளையில் இருக்கும், ஹெட் கேஸ்கட்டும் வேறு. கார் ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் மாட்டிவிடாதீர்கள். அவற்றின் தீப்பொறி வெளியே வராமல் தடுக்க ஏற்பாடு கிடையாது.

6. முதல் ஓட்டம்

புது எண்ணெய், புது ஃபில்டர். படகின் பின்னால் உள்ள டிரைவில் மஃப் (தண்ணீர் உறிஞ்சும் வாயில் தோட்டக் குழாயைப் பொருத்தும் ரப்பர் மூடி) மாட்டித் தண்ணீர்க் குழாயைத் திறவுங்கள். எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் புளோவரை 4 நிமிடம் ஓடவிட்டு அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கால் மணி நேரம் ஓட்டி, டிப்ஸ்டிக் பார்த்து, எண்ணெயை மறுபடி மாற்றுங்கள். முன்பு தண்ணீர் இறங்கியிருந்தால் எண்ணெய் தெளிவாகும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தோடு சும்மா விட்டால் பேரிங்குகள் துருப்பிடிக்கும்.

ஒட்டிய எஞ்சினோடு முதல் கோடையில் கரை தெரியும் தூரத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். ஜார்ஜியன் வளைகுடா மாதிரியான பரந்த நீர்ப்பரப்புப் பக்கம் வேண்டாம். விற்பதானால் ஒட்டியிருப்பதைச் சொல்லி விற்றுவிடுங்கள். இலையுதிர் காலத்தில் பிளாக்கின் இருபக்க வடிகால் பிளக்குகளையும் கழற்றும்போது தண்ணீர் வரவில்லை என்றால் காலியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். துருச்செதில் துளையை அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிடுங்கள்.