காதிரைச்சலுக்குக் காந்தம்: நான் விட்ட பிழைகள்

போன மாதம் திருக்கடலூரிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். படகு இஞ்சின் திருத்துபவர், ஐந்து வருடமாகக் காதுக்குள் இரைச்சல். சென்னைக்குப் போய் மூளைக்குக் காந்தத் தூண்டல் ஆறு நாள் எடுத்திருக்கிறார். "அண்ணை, பாதியாக் குறைஞ்சிட்டுது. இன்னும் பத்து நாளுக்குக் காசு கட்டப் போறன்" என்றார். எனக்குப் பற்றி எரிந்தது. நான் வைத்தியர் இல்லை. 14 வருடமாக இரைச்சலோடு குடித்தனம் நடத்துபவன், இதே சிகிச்சையை எடுத்தவன். காதுக்குள் பட்ஸ் விடாதே, ஹெட்போனைக் குறை என்ற புத்திமதியை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

முதல் வாரத்துச் சுகத்தை நம்பிக் காசு கட்டுவது

எனக்கும் நாலாம் நாளே குறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியின் காப்பை அடகு வைக்கச் சொல்லி, இன்னொரு பத்து அமர்வுக்குக் கட்டினேன். எல்லாம் முடிந்து பாலையூற்று வீட்டில் படுத்த முதல் இரவே பழைய கீச்சல். பிறகுதான் விளங்கியது: சென்னையில் தங்கிய லொட்ஜின் ஏசி, லொறி மாதிரி இரையும். அந்தச் சத்தத்தில் என் இரைச்சல் அமுங்கிக் கிடந்திருக்கிறது. இதற்கு நிலாவெளிக் கரையில், அலைச் சத்தத்தில் பாயைப் போட்டுப் படுத்திருக்கலாம்.

சிகிச்சையே புரட்டு என்று சொல்ல வரவில்லை. செவிப்புலனுக்குரிய மூளைப் பகுதிக்கு மேலே, தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து, பெரும்பாலும் செக்கனுக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்து, மிகையாகத் துடிக்கும் நரம்புக்கலங்களை அடக்கப் பார்க்கிறார்கள். 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், உண்மையான தூண்டல் பெற்ற 32 பேரில் 18 பேருக்குக் குறைந்தது. சரி, பொய்த் தூண்டல், அதாவது தூண்டுவது போலப் பாவனை மட்டும், பெற்ற 32 பேரில்? அங்கேயும் 7 பேருக்குக் குறைந்தது. 2017இல் வந்த, அதைவிடப் பெரிய ஜெர்மன் ஆய்வில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ஆகவே, போகுமுன் எழுத்தில் அளந்து வையுங்கள். இரைச்சலின் பாதிப்பை அளக்க 25 கேள்விகள் கொண்ட படிவம் (Tinnitus Handicap Inventory) உண்டு, புள்ளி 0 முதல் 100 வரை. தொடங்குமுன் ஒருமுறை, கடைசி நாளில் ஒருமுறை, சொந்த வீட்டில் ஒரு மாதம் படுத்து எழும்பிய பிறகு ஒருமுறை நிரப்புங்கள். அதற்குப் பிறகு காசைப் பற்றி யோசிக்கலாம். நான் ஒரு தாளும் நிரப்பவில்லை. அந்த இரண்டாவது பத்து அமர்வு ஏதாவது செய்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. காப்பு அறுதியாகப் போனது.

கேட்டல் பரிசோதனை செய்யாமல் புறப்படுவது

இரைச்சலோடு வருபவர்களில் பலருக்குக் காதும் மந்தம். கேட்கும் கருவி போட்டதும் இரைச்சல் பின்னுக்குப் போனவர்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கப்பலோ விமானமோ ஏறுங்கள்.

காது அடைப்பான் இல்லாமல் உட்காருவது

சுருள் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று அடிக்கும். போடுங்கள்.

வலிப்பு, தலைக்குள் உலோகம், இதயமுடுக்கி

இவை இருந்தால் சிகிச்சை தருபவரிடம் மறைக்காதீர்கள்.

ஒரு காதில் மட்டும், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தால்

முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்.

தம்பிக்கு அந்த 25 கேள்விகளையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் போல, பதில் இன்னும் வரவில்லை.