மின்னலிலிருந்து அம்பிளிபயரைக் காப்பாற்றுவது: யாழ்ப்பாண வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஐப்பசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. சித்திரை மழையும் அப்படித்தான். செட் எரிய மின்னல் வீட்டின் மேல்தான் விழவேண்டும் என்றில்லை. பக்கத்து வளவுப் பனையில் விழுந்தாலே சுற்றியுள்ள வயர்களில் ஆயிரக்கணக்கான வோல்ற் தூண்டப்படும். "பனை நிற்குது, அது வாங்கிக்கொள்ளும்" என்று இருந்துவிடாதீர்கள்.

படி 1: வயர்களை எண்ணுங்கள்

செட்டின் பின்பக்கம் போய் ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பாருங்கள். அம்பிளிபயரிலிருந்து ரீவிக்கு ஒன்று போகும். ரீவியிலிருந்து டிஷ் பெட்டிக்கு இன்னொன்று. அந்தப் பெட்டியிலிருந்து ஜன்னல் ஓட்டையால் வெளியேறி, கூரையில் இருக்கும் டிஷ்ஷுக்கு ஒரு கேபிள். ஆக, வெட்டவெளியில் நிற்கிற ஒரு இரும்புத் தட்டுக்கும் உங்கள் அம்பிளிபயருக்கும் நடுவில் தடை எதுவுமில்லை. பிளக்கைக் கழற்றி வைத்த செட்டும் எரிந்துபோவது இந்த வழியால்தான். முற்றத்துக்கு இழுத்த நீளமான ஸ்பீக்கர் வயரையும் கணக்கில் சேருங்கள். அறைக்குள்ளேயே முடிகிற ஸ்பீக்கர் வயரைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம்.

படி 2: எர்த் பாருங்கள்

சொக்கற்றின் எர்த் ஓட்டைக்குள் ஈர்க்கையோ பேனா மூடியையோ விட்டு, இரண்டு பின் பிளக்கை நெருக்கிச் செருகுவது நம் வீடுகளில் சாதாரணம். அம்பிளிபயருக்கு மூன்று பின் பிளக் வந்திருந்தால் மூன்றும் எர்த் உள்ள சொக்கற்றில்தான் இருக்கவேண்டும். திடீரென்று ஏறும் வோல்ற் செட்டுக்குள் போகாமல் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டருக்கு இது இன்னும் முக்கியம். எர்த் இல்லாவிட்டால் அதன் பாதி வேலை நடக்காது.

வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு எர்த் கம்பியை மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள், அதுவும் மண் காய்ந்து கிடக்கிற காலத்தில். மழைக்குள் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். சுண்ணாம்புக் கல் மேலாகக் கிடக்கிற வலிகாமப் பக்கங்களில் கம்பி போதிய ஆழம் இறங்காமல் நின்றிருக்கலாம்.

டிஷ்ஷுக்கென்று தனியாக இன்னொரு கம்பி அடித்திருந்தால், அதை வீட்டு எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். மின்னல் விழும் கணத்தில் இரண்டு கம்பிகளும் வெவ்வேறு வோல்ற்றில் நிற்கும். அந்த வித்தியாசம் ஒரு எர்த்திலிருந்து மற்றதற்குப் போகத் தேடும் பாதை உங்கள் செட்தான்.

படி 3: வாங்கவேண்டியவை

சுவிச் வைத்த மல்ரி பிளக் எல்லாம் சேர்ஜ் புரொடெக்டர் அல்ல. பெட்டியில் ஜூல் அளவு (எவ்வளவு அடியைத் தாங்கும் என்ற கணக்கு) போட்டிருக்கிறதா, புரொடெக்டர் வேலை செய்வதைக் காட்டும் சின்ன லைட் இருக்கிறதா என்று பாருங்கள். டிஷ் கேபிளையும் அதற்குள்ளால் விடக்கூடிய வகை கிடைத்தால் அதையே எடுங்கள். அம்பிளிபயர், ரீவி, டிஷ் பெட்டி மூன்றையும் அந்த ஒன்றிலேயே கொழுவுங்கள். உள்ளே நாணய அளவில் இருக்கும் வட்டத் துண்டு ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். லைட் அணைந்தால் புதிதாக வாங்கவேண்டியதுதான். மெயின் போர்ட்டில் பூட்டும் பெரிய புரொடெக்டரும் உண்டு. அது நல்லது, ஆனால் நீங்களே கைவைக்கிற வேலை இல்லை.

வெயில் நாளிலும் செட் எரியும். வீதியில் நியூட்ரல் வயர் அறுந்தால் 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். சேர்ஜ் புரொடெக்டர் கண்ணிமைக்கும் நேர அடிக்குத்தான். நீடித்து வரும் 400 வோல்ற்றில் அதுவும் சேர்ந்து எரியும். இதற்கு, வோல்ற் கூடினால் கரண்டைத் தானே வெட்டி, சீரானபின் சில நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும் வோல்ட்டேஜ் கார்ட் வேண்டும். ஸ்ரெபிலைசர் மின்னலைத் தடுக்காது, அதன் வேகம் காணாது. என்னைக் கேட்டால், காசு மட்டாக இருந்தால் முதலில் எர்த், பிறகு கார்ட், அதன்பின் புரொடெக்டர்.

படி 4: மழை இருட்டும்போது

எந்தப் புரொடெக்டரும் நேரடி மின்னலைத் தாங்காது. கழற்றி வைப்பதுதான் நிச்சயமான வழி. சுவிச்சை அணைப்பது போதாது. அதற்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளியை மின்னல் சுலபமாகத் தாண்டும். பிளக்கை இழுங்கள், டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றி செட்டிலிருந்து எட்டப் போடுங்கள்.

இதையெல்லாம் முழக்கம் கேட்க முன்னரே முடியுங்கள். மின்னி 3 செக்கனில் முழங்கினால் மின்னல் 1 கிலோமீற்றரில் இருக்கிறது. 30 செக்கனுக்குள் முழக்கம் கேட்டால் பிளக்கிலோ கேபிளிலோ கைவைக்கவே வேண்டாம். செட் போனால் போகட்டும். கடைசி முழக்கம் கேட்டு அரை மணித்தியாலம் கழித்துக் கொழுவலாம். கரண்ட் நின்று வந்திருந்தால், லைட்டுகள் மங்காமல் ஒரே சீராக எரிகின்றனவா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுக் கொழுவுங்கள்.

இவ்வளவும் செய்து செட் உயிரில்லாமல் போனாலும் உடனே பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். சில வேளை பியூஸும் அதற்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்னப் பாகமும் மட்டும் எரிந்திருக்கும். திருத்துகிறவரிடம் காட்டுங்கள். பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றித் தந்தால் மட்டும் வாங்காதீர்கள். பழையதில் போட்டிருந்த அதே அம்பியர் பியூஸைப் போடச் சொல்லுங்கள்.