குடோன் தேடல் கருவிக்குக் குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசன் முடியும்போது மாங்கூழ் ஆலைகளின் குடோன்களில் டிரம் மேல் டிரம் அடுக்கியிருக்கும். எந்த பேட்ச் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை ஏஐ ஏஜென்ட்டிடம் (மொழி மாடலை வைத்து, தேவையான கருவிகளைத் தானே கூப்பிட்டு வேலை முடிக்கும் மென்பொருள்) கொடுக்கப் போகிறவர்கள், அது கூப்பிடும் தேடல் கருவியைச் செய்வதில் காட்டும் அக்கறையை அதன் குறிப்பிலும் காட்ட வேண்டும். கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகள் பற்றி நாம் எழுதிய வரிகள் ஆகியவற்றைப் படித்துத்தான் அதை எப்போது, எப்படிக் கூப்பிடுவது என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் என்றால், "அண்ணே, இது எங்க இருக்கு?" என்று ஸ்டோர் கீப்பரிடம் கேட்டுக்கொள்வான். ஏஜென்ட்டுக்கு அந்த வழி இல்லை. குறிப்பில் விட்டதை அது பெரும்பாலும் யூகித்து நிரப்பிவிடும்.

"சரக்கு இருக்கும் இடத்தைத் தரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். எந்த இடம்? ஓசூர் குடோனா, கிருஷ்ணகிரி குடோனா என்பதா, இல்லை குடோனுக்குள் எந்த ரேக் என்பதா? இரண்டில் எதைத் தருகிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மாவட்டப் பெயரை வைத்துத் தேட விடுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றிய முகவரியில் தருமபுரி மாவட்டம் என்றே இருந்தால், தேடல் வேறு ஊர்ச் சரக்கையும் சேர்த்து அள்ளி வரும்.

இடக் குறியீட்டைப் பிரித்துக் காட்டாமல் விடுவது அடுத்த தவறு. "பி-07-03-2" என்றால் பி பிளாக், ஏழாவது வரிசை, மூன்றாவது பகுதி, இரண்டாவது தட்டு என்று எழுதுங்கள். தரைத்தட்டு பூஜ்யமா ஒன்றா என்பதையும் எழுத வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு அது ஒரு தட்டு வித்தியாசம். குறியீட்டை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்துச்சரமாகவே (உள்ளது உள்ளபடி எழுத்தாக) அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 07 வெறும் 7 ஆகிவிடும்.

பொருளின் பெயரும் அப்படித்தான். இங்கே எல்லோரும் பெங்களூரா என்று சொல்லும் பழம் பதிவில் தோத்தாபுரி என்று இருக்கும். கருவி ஐட்டம் கோடை (பொருளுக்குரிய குறியீட்டை) மட்டும்தான் ஏற்கும் என்றால், பெயரிலிருந்து கோடை எடுக்க எந்தக் கருவியை முதலில் கூப்பிட வேண்டும் என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது, வெற்று விடைக்கு அர்த்தம் சொல்லாமல் விடுவது. ஏஜென்ட் ஒரு பேட்சைத் தேடுகிறது, காலிப் பட்டியல் வருகிறது. சரக்கு தீர்ந்திருக்கலாம். கோடு தப்பாக இருக்கலாம். லேப் ரிசல்ட் வரும்வரை ரேக்கில் ஏற்றாமல் தனியாக நிறுத்தி வைத்திருக்கலாம். லாரியிலிருந்து இறக்கி, இன்னும் ஸ்கேன் பண்ணாமல் வாசலிலேயே கிடக்கலாம். இந்த நான்குக்கும் ஒரே வெற்று விடை என்றால், ஏஜென்ட் எளிதாகத் தோன்றும் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு "ஸ்டாக் இல்லை" என்று வாடிக்கையாளருக்கு எழுதிவிடும். டிரம்கள் இருபதடி தள்ளி நின்றுகொண்டிருக்கும், ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும். முடிந்தால் கருவியே ஒவ்வொரு நிலைக்கும் தனி விடை தரட்டும். அப்புறம், ஒவ்வொரு விடைக்கும் அடுத்து என்ன செய்வது என்று குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: கோடு தப்பு என்றால் பெயர்த் தேடலுக்குப் போ, ஆய்வில் நிற்கிறது என்றால் ஸ்டாக் இல்லை என்று சொல்லாதே, ஸ்டோருக்குத் தகவல் கொடு. பிழைச் செய்திகளையும் இதே மாதிரி எழுதலாம். "பிழை 400" என்று வெறும் எண்ணாக வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். "பேட்ச் எண்ணில் ஆண்டு விடுபட்டிருக்கிறது" என்று வந்தால் தானே திருத்திக்கொள்ள முடியும்.

ஒரே சரக்கு பல ரேக்குகளில் இருக்கும்போது விடைகள் எந்த வரிசையில் வரும் என்பதையும் பலர் எழுதுவதில்லை. காலாவதித் தேதி முந்தியதை முதலில் அனுப்ப வேண்டிய இடத்தில், பட்டியலின் முதல் வரியை ஏஜென்ட் அப்படியே எடுத்தால் பழைய சரக்கு தேங்கிவிடும். முதல் 20 வரிகள்தான் வரும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வந்ததைக் கூட்டி, மொத்தக் கையிருப்பு இதுதான் என்று ஏஜென்ட் சொல்லிவிடக் கூடாது. இந்தக் கருவி பார்க்க மட்டுமே, சரக்கைப் பிடித்து வைக்காது என்ற வரியும் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் ஏஜென்ட் ஒரே டிரம்மை இரண்டு லாரிக்கு ஒதுக்கிவிடும்.

குறிப்பில் தரும் உதாரணத்தில் நடப்பு ஐட்டம் கோடைப் போடாதீர்கள். பயனர் கோடு சொல்லாதபோது சில சமயம் ஏஜென்ட் அதையே எடுத்து அனுப்பிவிடும், விடையும் சரியானது போலவே வரும். நிறுவனப் பெருமையும் இந்தக் குறிப்பில் வேண்டாம். பெரும்பாலும் இந்த வரிகள் ஒவ்வொரு அழைப்பிலும் ஏஜென்ட்டை இயக்கும் மாடலுக்குப் போகின்றன, அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும்.

எழுதி முடித்ததும் ஸ்டோரில் இருப்பவர்கள் நிஜமாகக் கேட்கும் கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ, மாடலை மாற்றும் முன் அந்த இடத்துக் குறிப்பை ஒருமுறை திருத்திப் பாருங்கள்.