துளையும் பசையும் இல்லாமல் இழைத் தகட்டை உருக்கி இணைக்கலாம்

திருகோணமலைக் கரையில் பைபர் படகு பழுதுபார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொலியெஸ்டர் ரெசின் ஒருதரம் இறுகினால் இறுகியதுதான், சூடாக்கினால் உருகாது, கருகும். பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை வைத்த தகடு அப்படியில்லை, சூட்டில் இளகி ஆறும்போது திரும்ப இறுகும். அதனால் இரண்டு தகடுகளை உருக்கியே சேர்த்துவிடலாம். ஆணிக்குத் துளை போட்டால் சுமை தாங்கும் இழைகள் அறுபடும், பொலிபுரொப்பிலீனிலோ சாதாரணப் பசை பிடிக்கவே பிடிக்காது. ஏர்பஸ் ஏ380 விமான இறக்கையின் முன்விளிம்பில் கண்ணாடி இழையும் பிபிஎஸ் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பாகங்களை மின்தடைச் சூட்டால், அதாவது மின்னோட்டம் பாயும்போது உலோகம் சூடாவதைக் கொண்டு, ஒட்டினார்கள். அதே முறையைத்தான் மேசையில் செய்யப்போகிறோம்.

பொலிபுரொப்பிலீன் 165 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும்.

25 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒட்டும் முகத்தை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். கடற்காற்று படிந்த உப்பும் கை எண்ணெயும் போகவேண்டும். துண்டுகளை 12 மில்லிமீற்றர் மேற்பொருத்தி, நடுவில் மெல்லிய துருப்பிடிக்காத உருக்கு வலை வையுங்கள், வலையின் இரண்டு பக்கமும் அதே பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம் இருக்கட்டும். மேலும் கீழும் காய்ந்த மரக்கட்டை வைத்து அழுத்துங்கள். இரும்பு வைத்தால் சூட்டை இழுத்துவிடும். உருகும்போது தகடு கொஞ்சம் அமுங்கும், சாதாரண ஜி கிளாம்ப் அப்போது தளர்ந்துவிடும் என்பதால் வில் வைத்த கிளாம்போ, நெம்பில் தொங்கும் பாரமோ நல்லது.

வலையின் இரண்டு முனைகளையும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய குறைவோல்ற்று நேரோட்ட வழங்கியோடு இணையுங்கள், வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். கவ்விகள் இணைப்புக்கு ஒட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றில் நிற்கும் வலைத்துண்டு முதலில் சிவந்து ஓரத்தை எரித்துவிடும். காற்றோட்டமான இடத்தில் மெதுவாக ஏற்றி, ஓரத்தில் வைத்த வெப்ப இணை (வெப்பநிலையை அளக்கும் கம்பி) 190 பாகை காட்டியதும் நிறுத்துங்கள். புகை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

சரி, அவசரப்படக்கூடாத இடம் இதுதான். அழுத்தத்தை எடுக்காதீர்கள்! சூடாக இருக்கும்போதே விட்டால் உள்ளே அமுங்கியிருந்த இழைகள் நிமிர்ந்து, தகடு உப்பி, வெற்றிடம் விழும். 80 பாகைக்குக் கீழே இறங்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

முதல் துண்டைப் பிரித்து உடைத்தே பாருங்கள். முகம் வழவழவென்று பளபளத்தால் பிளாஸ்டிக் சேரவில்லை, சூடு போதவில்லை. கிழிந்த இழைகள் வெள்ளைத் தும்பாக இரண்டு பக்கமும் தெரிந்தால் நல்ல இணைப்பு. அடுத்து நைலோனுக்குப் போகிறவர்கள் வாடைக்காற்றுக் காலத்தில் தகட்டை நன்றாக உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து சூட்டில் குமிழாக விடும். கார்பன் இழை மின்னைக் கடத்தும், அதில் வலைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கண்ணாடி இழைப் படை கட்டாயம் வேண்டும்.