ஞாயிறு பாட்டைத் தாண்டி யோசிக்க நேரம்: ஆராதனை நடத்தத் தொடங்கியவர்களுக்கு

சபையில் ஆராதனை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே வரியில் வந்து சேரும். "தம்பி, நீ நல்லா பாடுறே, இனிமே நீயே பாத்துக்கோ" என்பார் பாஸ்டர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி பாட்டு தேடுவதும் ஞாயிறு காலையில் மைக் வயர் தேடுவதுமாக வருஷம் ஓடிவிடும். சேலத்தில் நம்மில் பலரும் வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை, அம்மாபேட்டையில் தறி, சூரமங்கலம் பக்கம் ரயில்வே என்று ஆளுக்கொரு பிழைப்பு இருக்கிறது. நேரம் இல்லை என்பது சாக்கு இல்லை, நிஜம்.

ஆனாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிறுக்குப் பாட்டு எடுப்பது ஒரு வேலை. அடுத்த ஒரு வருஷத்தில் இந்தச் சபை எதைப் பாடும், யார் பாடுவார்கள், எதற்காகப் பாடுவார்கள் என்று யோசிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் முதலாவது இரண்டாவதை விழுங்கிவிடும். இங்கே சொல்வது அந்த இரண்டாவது வேலைக்கான வழி.

படி 1: வாரத்தில் ஒரு மாலையைப் பிடித்து வையுங்கள்

ஒன்றரை மணி நேரம் போதும். ஞாயிறு சாயங்காலம் வேண்டாம், உடம்பும் தொண்டையும் ஓய்ந்திருக்கும். வெள்ளி, சனி வேண்டவே வேண்டாம், அப்போது மனசு முழுக்க வருகிற ஆராதனைதான் இருக்கும். செவ்வாய் அல்லது புதன் நல்லது. உபவாச ஜெபமோ வீட்டுக் கூட்டமோ அன்றைக்கு இருந்தால் மற்ற நாளுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நாள் முடிவானதும் மூன்று பேரிடம் சொல்லுங்கள்: வீட்டில், பாஸ்டரிடம், குழுவில். சொல்லாமல் ஒளித்து வைத்த நேரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் பாட்டு லிஸ்ட் கேட்டு அன்றைக்குத்தான் போன் வரும். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

இதைச் சுயநலம் என்று நினைக்கிறவர்கள் மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இருட்டோடே எழுந்து இயேசு வனாந்தரத்துக்குப் போய் ஜெபிக்கிறார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் பின்னாலேயே வந்து நிற்கிறார்கள். அவரோ திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். அடுத்து எங்கே போவது என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தனிமை இருந்தது.

படி 2: முதல் பக்கம்

ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். முதல் சில வாரம் பாட்டுப் பெயர் ஒன்றுகூட அதில் எழுத வேண்டாம். உங்கள் சபையில் ஞாயிறு காலை உட்கார்ந்திருக்கிறவர்களை எழுதுங்கள். முதல் வரிசையில் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு மனப்பாடத்தில் பாடும் பாட்டிகள். கடைசி பெஞ்சில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருக்கும் அண்ணன். புரொஜெக்டரில் வரி வந்தாலும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள். ஏற்காட்டில் எஸ்டேட் குடும்பங்கள் அதிகமுள்ள சபை என்றால் அந்தப் பக்கமே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து ஒரே கேள்வி: ஒரு வருஷம் கழித்து இவர்கள் எதைச் செய்யும் நிலையில் இருக்க வேண்டும்? பதிலை மூன்று வாக்கியத்துக்குள் அடக்குங்கள். "கர்த்தருக்கு மகிமையான ஆராதனை" என்று எழுதினால் அது சரிதான், ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. இப்படி எழுதினால் எடுக்கலாம்: "பாட்டிகளின் கீர்த்தனைகளில் பத்தையாவது வாலிபர்கள் பாடத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஊரில் இல்லாத ஞாயிறும் ஆராதனை தடையில்லாமல் நடக்க வேண்டும். துக்கத்தில் இருக்கிறவர் பாட ஒரு பாட்டாவது எல்லா மாதமும் இருக்க வேண்டும்."

இதைப் பாஸ்டரிடம் காட்டுங்கள். அவருடைய பாரம் வேறாக இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

படி 3: பாட்டுக் கணக்கு

ஒரு ஞாயிறுக்கு ஐந்து பாட்டு என்றால் வருஷத்துக்கு 260 இடங்கள். உங்கள் சபை புத்தகம் பார்க்காமல் பாடும் பாட்டு அறுபது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் சுற்றி வரும். நடைமுறையில் அப்படி வராது. உங்களுக்குப் பிடித்த பதினைந்து பாட்டே மாறி மாறி வரும். எழுதிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

நோட்டில் ஒரு பாட்டுக்கு ஒரு வரி: முதல் அடி, ஸ்கேல் (பாட்டை எடுக்கும் சுருதி), கடைசியாகப் பாடிய தேதி, சபை எப்படிப் பாடியது. கடைசிக் கட்டத்தில் 'நன்று' என்று போடாதீர்கள். 'சரணத்தில் பெண்கள் நின்றுவிட்டார்கள்' என்று எழுதுங்கள்.

அப்படி எழுதினால் காரணமும் கிடைக்கும், பெரும்பாலும் ஸ்கேல்தான். ரெக்கார்டிங்கில் கேட்ட ஸ்கேலிலேயே எடுத்தால் பாடகருக்குச் சௌகரியம், சபைக்கு அவஸ்தை. பாட்டின் உச்ச ஸ்வரம் மேல் 'டி'யைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சபையில் அநேகர் கூடப் பாடுவார்கள். தாண்டினால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, இரண்டு தட்டு கீழே இறக்குங்கள். காலை ஏழு மணி ஆராதனைக்கு இன்னும் ஒரு தட்டு.

புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று. முதல் ஞாயிறு காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும். அடுத்த ஞாயிறு பல்லவியை மட்டும் சபையோடு. அதற்கடுத்து முழுப் பாட்டு. நாலாவது வாரம் விட்டுவிட்டு, அடுத்த மாதம் மறுபடி எடுங்கள். வாரம் ஒரு புதுப் பாட்டு இறக்கும் சபைகளைப் பார்த்திருக்கிறேன். மேடை பாடும், பெஞ்ச் வேடிக்கை பார்க்கும்.

படி 4: வருஷத் தாள்

ஒரு சார்ட் பேப்பரில் பன்னிரண்டு கட்டம். முதலில் சபை நாட்காட்டி: லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), பரிசுத்த வாரம், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), அறுப்பின் பண்டிகை, அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்), கிறிஸ்துமஸ், வருஷக் கடைசி இரவு ஆராதனை. ஈஸ்டர் ஒரே தேதியில் நிற்காது. 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28.

இதன் மேல் ஊர் நாட்காட்டியை எழுதுங்கள். பலரும் விடுவது இதைத்தான். 2027-ல் பரிசுத்த வாரம் முழுக்க மார்ச்சில் விழுகிறது. பத்தாவது, பிளஸ் டூ பொதுத்தேர்வும் அந்தச் சமயத்தில்தான் வழக்கமாக நடக்கும். உங்கள் டிரம்ஸ் தம்பி பிளஸ் டூ என்றால் பெரிய வெள்ளிக்கு யார் வாசிப்பது என்று ஜனவரியிலேயே கேட்டுவிட வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் டவுன் பக்கம் நெரிசல் அதிகம், ரிஹர்சலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஆனால் அந்தத் திருவிழாவுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். குழு முழுவதும் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஏற்காடு மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் கிறிஸ்துமஸ் கேரலும் ஒரே நேரத்தில் வரும். பகலெல்லாம் பறித்துவிட்டு வருகிறவர்களைப் பனியில் ராத்திரி பதினொன்று வரை ரிஹர்சலுக்கு நிறுத்துவது நியாயமில்லை. அங்கே கேரல் பயிற்சியை அக்டோபரிலேயே தொடங்குங்கள்.

இப்போது பெரிய நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாட்டு முடிவாக ஆறு வாரம் முன்பு, ரிஹர்சல் தொடக்கம் நாலு வாரம் முன்பு.

படி 5: பாஸ்டரோடு அரை மணி

மாதம் ஒரு தடவை. அடுத்த நாலு ஞாயிறு வேதபகுதி என்ன என்பது மட்டும் கேட்டால் போதும். "இன்னும் முடிவு பண்ணலையே" என்றால் வற்புறுத்தாதீர்கள், முடிவானதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

படி 6: முறை வைத்துப் பிரியுங்கள்

நேரம் நிஜமாகக் கிடைப்பது இங்கேதான். 'ஆவியானவர் நடத்துவார், பிளான் எதற்கு' என்று யாராவது கேட்டால் 1 நாளாகமம் 25-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டு வேலைக்கு 288 பேர், 24 வகுப்பு, வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். ஆசான், மாணாக்கன் என்ற வித்தியாசம் பாராமல் சீட்டுப் போட்டு முறை பிரித்திருக்கிறார்கள். தாவீதின் நாளிலேயே ரோட்டா, அதாவது முறைப் பட்டியல், இருந்திருக்கிறது.

நமக்கு இருப்பது எட்டுப் பேர்தான், சரி. மைக், வயர் ஒருவர். பாட்டு வரிகளை டைப் செய்ய ஒருவர். வாட்ஸ்அப்பில் லிஸ்ட் போட ஒருவர். மாதத்தில் ஒரு ஞாயிறு இன்னொருவர் நடத்தட்டும், நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள். அங்கே உட்கார்ந்தால்தான் கீபோர்டு எவ்வளவு சத்தம் என்பது தெரியும்.

படி 7: மூன்று மாதத்துக்கு ஒரு நாள், மலைக்கு

வாராந்திர ஒன்றரை மணியில் முடியாதது இந்த நாளில் முடியும். வேலை நாளில் ஒரு லீவு போட்டு ஏற்காட்டுக்குப் போங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, காலை பஸ்ஸில் ஏறினால் டிபன் நேரத்துக்கு மேலே இருக்கலாம். மே மாதமும் சனி ஞாயிறும் வேண்டாம், கூட்டத்தில் யோசிக்க முடியாது. ஏரிக்கரையும் வேண்டாம், படகுத் துறை சத்தம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் ஏதாவது ஒரு ஆலயத்திலோ தியான இல்லத்திலோ உட்கார இடம் கொடுப்பார்கள். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கீழிருந்த வெயிலுக்கும் மேலிருக்கும் குளிருக்கும் சுருதி மாறிக்கொண்டே இருக்கும், பாதி நாள் டியூனிங்கில் போகும்.

காலையில் வேதமும் ஜெபமும், எழுதுவது எதுவும் இல்லாமல். அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தை வாசித்து, நடந்ததையும் நடக்காததையும் பிரித்து எழுதுங்கள். மதியத்துக்குமேல் அடுத்த மூன்று மாதத்துக்கான வருஷத் தாள். இறங்குவதற்கு முன் ஒரு பக்கத்தில் அடக்கி, பாஸ்டருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று வைத்தால் அது அடுத்த வாரம்தான் போகும்.

நேரம் உடைந்தால்

உடையும். செவ்வாய் போனால் வியாழனுக்குத் தள்ளுங்கள், ரத்து செய்யாதீர்கள். லிஸ்ட் கேட்டு வரும் போனுக்கு மறுநாள் பதில் சொல்லலாம், குழுவில் யாராவது சொல்லலாம். ஆனால் துக்க வீட்டிலிருந்து கூப்பிட்டால் நோட்டை மூடிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்கள்.