ஆத்தோட போனா ஊர் வந்துடும்னு எவன்யா சொன்னான்?

போன ஞாயித்துக்கிழமை காலையில பினாங்கு பொட்டானிக்கல் கார்டன் பக்கம், மலைப்பாதை ஆரம்பிக்கற மூன் கேட்ல நின்னு அட்டைக்காக ஷூவுல உப்புத்தண்ணி அடிச்சிட்டிருந்தேன். பக்கத்துல நாலு பசங்க, எல்லாம் புது ஷூ புது பேக். அதுல ஒருத்தன் சொல்றான், "வழி தப்பினா பயப்படாதடா, ஆத்தப் புடிச்சு இறங்கினா ஊர் வந்துடும்லா." எனக்கு அங்கயே முழங்கால் வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. பத்து வருஷம் முன்னாடி இதே டயலாக்க சொன்னவன் நான்தான்.

தண்ணி எடுத்துக்குங்க, தனியா போகாதீங்க, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, உங்க அம்மாவே சொல்லியிருப்பாங்க. மலை ஏறப் போறவங்க பண்ற தப்புங்கள மட்டும் ஒண்ணொண்ணா சொல்றேன்.

வழி தப்பினதும் தண்ணிப் பக்கம் இறங்கறது

நாங்க மூணு பேர், கொடிமலைக்கு, அதான் பினாங்கு ஹில்லுக்கு, ஏறிட்டு அந்தப் பக்கம் ஆயர் ஈத்தாம் ஊர் பக்கமா இறங்கிடலாம்னு கெளம்பினோம். அஞ்சு மணிக்கு மேல நல்ல மழை, அவசரத்துல ஏதோ ஒரு கிளைப்பாதையில திரும்பி கொஞ்ச நேரத்துல பார்த்தா அது பாதையே இல்ல. அப்ப நாங்க நின்னது மேட்டுல. போன்ல ரெண்டு கோடு சிக்னல் இருந்துச்சு. அங்கயே உக்காந்து 999 அடிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரியே வீட்டுச் சோறு. ஆனா வெக்கம். பொம்பாவ, அதான் தீயணைப்புக்காரங்கள, கூப்பிட்டு நாளைக்குப் பேப்பர்ல மூஞ்சி வரணுமான்னு. கீழ தண்ணிச் சத்தம் கேட்டுச்சு, எங்க தாத்தா வேற தோட்டத்துல பால்மரம் சீவினவரு, ஆத்தோட நடந்தா கம்பம், அதான் கிராமம், வரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, சரின்னு இறங்கிட்டோம்.

தாத்தா சொன்னது சமதரைக்கு. மலை ஓடை அப்படி இல்ல, அது குதிச்சுக் குதிச்சுத்தான் இறங்கும். முதல்ல ஆள் உயரப் பாறை, பாசி, வழுக்கிக்கிட்டே எப்படியோ இறங்கிட்டோம். அடுத்தது ரெண்டாள் உயரம். மூணாவது இடத்துல எட்டிப் பார்த்தா அருவி, கீழ போக வழியில்ல, திரும்பி மேல ஏறலாம்னா வழுக்கி வந்த பாறையில ஏற முடியல. வெளிச்சம் விழற இடம்ங்கறதால ஓடைக்கரையில செடிகொடி எல்லாம் அடர்த்தியா வளரும், நடுவுல பிரம்பு முள்ளு வேற சட்டையப் புடிச்சு இழுக்குது. ரெண்டு பக்கமும் மலை மறைக்கறதால போன்ல ஒரு கோடு கூட இல்ல. ஏழு மணிக்கு மேலதான் சூரியன் மறையும்னு கணக்கு வெச்சிருந்தோம், மரத்தடியில ஆறரைக்கே கும்மிருட்டு. நான் அங்கதான் விழுந்தேன். முழங்காலுக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சு, இன்னிக்கும் படி இறங்கறப்ப பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் இறங்குவேன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படி.

இதுல என்னைய ரொம்ப எரிச்சல் படுத்தறது எது தெரியுமா, தேட வந்தவங்க ராத்திரி பத்து மணிக்கே மேல பாதையில விசில் அடிச்சிருக்காங்க. ஓடை இரைச்சல்ல எங்களுக்கு ஒண்ணும் கேக்கல, நாங்க கத்தினது அவங்களுக்கும் கேக்கல. காலையில மழை நின்னு தண்ணிச் சத்தம் அடங்கினதுக்கு அப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க.

அதனால வழி தப்பிடுச்சுன்னு தோணுச்சுன்னா நில்லுங்க. வந்த தடம் தெளிவா தெரிஞ்சா மட்டும் திரும்பிப் போங்க. தெரியலைன்னா மேடான இடத்துல உக்காந்து 999 அடிங்க, மூணு மூணா விசில் அடிங்க. பேசற அளவுக்கு சிக்னல் இல்லைன்னாலும் வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்க, சில நேரம் அது போயிடும்.

ஓடைக்கரையில படுக்கறது

எங்க தலைக்கு மேல இன்னொரு மழை கொட்டியிருந்தா நான் இத எழுதிட்டிருக்க மாட்டேன். கெப்பாலா ஆயர்னு சொல்ற திடீர் மலை வெள்ளத்தப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, நீங்க நிக்கற இடத்துல வெயிலடிக்கும், மேல பெஞ்ச மழை மரத்தையும் பாறையையும் உருட்டிக்கிட்டு ஒரே அடியா வரும். 2021 ஆகஸ்ட்ல கெடாவுல குனோங் ஜெராய் மலை அடிவாரத்துல ஆறு பேர் அதுல செத்துப் போயிட்டாங்க. தண்ணி திடீர்னு கலங்கினா, இலையும் குச்சியுமா மிதந்து வந்தா, தப்பாவ் பண்ணின, அதான் பொட்டலம் கட்டி வாங்கிட்டு வந்த, நாசி லெமாக்கக் கூட எடுக்காதீங்க, மேல ஏறுங்க.

விலை ஜாஸ்தியான ஷூ

கம்போங் அடிடாஸ்னு சொல்ற மலிவான ரப்பர் ஷூ போதும்.

பருத்திச் சட்டை

நம்ம ஊர்ல குளிரான்னு சிரிக்காதீங்க. நனைஞ்ச பருத்தி டீ-ஷர்ட்டோட ராத்திரி மூணு மணிக்கு எங்க பல்லெல்லாம் தாளம் போட்டுச்சு. பேக்குல ரெண்டு கறுப்புக் குப்பைப் பை வெச்சுக்கோங்க, கழுத்துக்கு ஒரு ஓட்டை போட்டு மாட்டிக்கலாம்.

போன் பேட்டரி

பாட்டு, வீடியோ எல்லாம் வீட்ல.

வீட்ல சொல்லாம போறது

அன்னிக்கு எங்களத் தேட ஆள் வந்ததே என் கூட்டாளியோட சம்சாரத்தால, அவன் ஒருத்தன்தான் எந்தப் பாதைன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருந்தான். இப்ப எங்க வீட்டு பிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தப் பாதை, யார் யாரு, எத்தனை மணிக்குத் திரும்பலைன்னா 999. போன ஞாயிறு கீழ இறங்கி மாமாக் கடையில தே தாரிக் குடிச்சுக் கதை பேசிட்டு முக்கால் மணி நேரம் லேட்டா போனேன், எம்பொண்ணு கையில போனோட வாசல்ல நிக்குது, "அப்பா, ரெண்டு ஒம்பது அமுக்கிட்டேன்"ங்குது.