நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தை நியூட்ரானாலும் கணினியாலும் அளப்பது எப்படி?

குவளையில் அசையாமல் நிற்கும் நீருக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. 25 பாகை செல்சியஸில் நீரின் விரவல் கெழு (மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு) நொடிக்குச் சுமார் 2.3 × 10⁻⁹ சதுர மீட்டர். இந்த எண்ணை இரு வழிகளில் பெற்று, அவற்றை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதே இப்பயிற்சி.

நியூட்ரானை ஏன் நாடுகிறோம்? குளிர்ந்த நியூட்ரானின் அலைநீளம் மூலக்கூறுகளின் இடைவெளியை ஒத்தது. அதன் ஆற்றலோ சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே என்பதால், மூலக்கூறு அசையும்போது நேரும் சிறு ஆற்றல் மாற்றமும் புலப்படும். மேலும், ஹைட்ரஜனின் ஒருங்கிசைவற்ற சிதறல் பரப்பு (ஒவ்வோர் அணுவும் தனித்தனியே நியூட்ரானைச் சிதறடிக்கும் வாய்ப்பின் அளவு) ஏறத்தாழ 80 பார்ன் (ஒரு பார்ன் 10⁻²⁸ சதுர மீட்டர்); கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு அது 2 பார்ன் அளவே. ஆகவே சாதாரண நீரிலிருந்து வரும் சைகை பெரும்பாலும் தனித்தனி ஹைட்ரஜன் அணுக்களின் பயணத்தையே சொல்கிறது.

முதல் படி: நீரை 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய படலமாக அலுமினியக் கலத்தில் அடையுங்கள். பத்தில் ஒரு நியூட்ரானுக்கு மேல் சிதறக் கூடாது. தடிமன் கூடினால் ஒரே நியூட்ரான் பலமுறை சிதறி, முடிவைத் திரித்துவிடும்.

இரண்டாம் படி: சிதறிய நியூட்ரானின் ஆற்றல் மாற்றத்தைக் காட்டும் நிறமாலைமானியில் அளவிடுங்கள். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐஎன்5 கருவியும், மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையைச் சுற்றியுள்ள கருவிகளும் இத்தகைய ஆய்வுகளுக்குப் பயன்படுகின்றன. அதே அமைப்பில் வனேடியத்தையும் அளந்துவிடுங்கள். கருவியே உண்டாக்கும் அகலத்தை அது காட்டும்.

மூன்றாம் படி: சிதறலில் நியூட்ரானுக்கு நேரும் ஒவ்வோர் உந்த மாற்றத்திலும் (கியூ), ஆற்றல் மாற்ற வரைபடத்தில் கிடைத்த உச்சத்துக்கு, கருவியின் அகலத்தையும் கணக்கில் சேர்த்து, லோரன்ட்ஸ் வளைகோட்டை (கூரிய முனையும் நீண்ட வால்களும் கொண்ட மணி வடிவக் கோடு) பொருத்துங்கள். கியூ சிறிதாக இருக்கையில் பாதி உயரத்தில் அளந்த அரையகலம், விரவல் கெழுவையும் கியூவின் வர்க்கத்தையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கியூ ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு (10⁻¹⁰ மீட்டர்) 0.5 எனில், நீருக்கு அது ஏறத்தாழ 38 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்.

நான்காம் படி கணினியில்: ஒவ்வொரு மூலக்கூறின் நகர்வையும் விசைகளிலிருந்து கணக்கிடுவது. திரவ ஆர்கானின் 864 அணுக்களைக் கொண்டு அனீசுர் ரஹ்மான் 1964இல் செய்த கணக்கீடே இத்துறைக்கு வழி திறந்தது. இன்று அதைவிடப் பெரிய கணக்கை மடிக்கணினியே செய்துவிடும். மூலக்கூறு இயக்கத்தைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளில் 1000 நீர் மூலக்கூறுகளை எஸ்பிசி/இ மாதிரியில் (நீர் மூலக்கூறுகளிடையே உள்ள விசைகளை விவரிக்கும் மாதிரிகளுள் ஒன்று) அமையுங்கள். பெட்டியின் பக்கம் சுமார் 31 ஆங்ஸ்ட்ராம் வரும். 2 ஃபெம்டோவினாடி இடைவெளியில் ஓட்டி, வெப்பநிலையும் அடர்த்தியும் நிலைத்த பிறகு ஒரு நானோவினாடிப் பாதையைச் சேமியுங்கள்.

ஐந்தாம் படியில்தான் தொடக்கநிலையினர் பெரிதும் தடுமாறுகின்றனர். பெட்டியின் வலச்சுவரைக் கடந்த மூலக்கூறை மென்பொருள் இடச்சுவரருகே கொண்டுவந்து வைக்கும். அந்த இடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், மூலக்கூறு 31 ஆங்ஸ்ட்ராம் பின்னோக்கித் தாவியதாகக் கணக்காகும். சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி (மூலக்கூறுகள் நகர்ந்த தொலைவுகளின் வர்க்கச் சராசரி) காலத்தோடு சீராக ஏறாமல் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். என் முதல் கணக்கில் இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. எனவே பாதையைத் தொடர்ச்சியாக விரித்த பின்னரே கணக்கிடுங்கள். காலத்துக்கு எதிரே வரைந்த அந்த இடப்பெயர்ச்சிக் கோட்டின் சரிவை 6ஆல் வகுத்தால் விரவல் கெழு கிடைக்கும்.

ஆனால் அந்த ஓர் எண்ணோடு நிறுத்தாதீர்கள். அதே பாதையில் ஹைட்ரஜன் அணுக்களுக்கான சிதறல் சார்பையும் (அணு தன் தொடக்க இடத்தைவிட்டு விலக விலகத் தேயும் அளவு), சோதனையில் எடுத்த அதே கியூ மதிப்புகளில், காலத்தைப் பொறுத்துக் கணக்கிடுங்கள். கியூ 0.5 என்றால் அது ஏறத்தாழ 17 பைக்கோவினாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேயும். காலச் சார்பை ஆற்றல் சார்பாக மாற்றும் ஃபூரியர் உருமாற்றத்தை அதன்மீது செய்து, வனேடியம் காட்டிய அகலத்தையும் சேர்த்தால் சோதனை வளைகோட்டின்மீதே வரைந்து பார்க்கலாம். கோடுகள் விலகினால் முதலில் மாதிரியைச் சோதியுங்கள்: டிப்3பி என்னும் மற்றொரு நீர் மாதிரியில் நீர் உண்மையைவிட இருமடங்குக்கும் மேல் விரைவாக விரவும்; எஸ்பிசி/இ நெருங்கி வரும். அகலத்தைக் கியூவின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால், பெரிய கியூவில் அது நேர்கோட்டைவிட்டுக் கீழே வளைவது பிழையன்று. மூலக்கூறு ஓரிடத்தில் சற்றுத் தங்கித் தாவுவதன் தடயம் அது, இரு வளைகோடுகளிலும் அதைத் தேடுங்கள்.